பனங்கொட்டையும் பஞ்சுக்குச்சியும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்குத் தந்திருப்பது எட்டு நிமிடம். அதில் ஏழு நிமிடத்தை எதிரணி அண்ணனுக்கே ஒதுக்க வேண்டியிருப்பதால், மற்ற வணக்கங்களைக் கடனாக வைத்துக்கொள்கிறேன்.

"பள்ளியில் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் கொரோனாச் சோதனை: அரணா, ஆக்கினையா?" என்பது தலைப்பு. அரணே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அணி பிரித்த அன்று எந்தப் பக்கம் என்றாலும் பேசுகிறேன் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். ஆனால் அண்ணன் சற்று முன் இதே இடத்தில் நின்று, "பனம்பழம் சூப்பி வளர்ந்த பரம்பரையின் பிள்ளைகள் யேர்மனிக்கு வந்து பஞ்சுக்குச்சி சூப்புவதா?" என்று கேட்டதும், நீங்கள் எல்லோரும் கூரை அதிரக் கை தட்டியதும், தட்டியவர்களில் என் மனைவியும் ஒருவர் என்பதைக் கண்டதும், எனக்கு ரோசம் வந்துவிட்டது. இனி நான் அரண் கட்சிதான்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும் அவையில் இருப்பதால் முதலில் அந்தக் குச்சியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாம் வாழும் நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்தின் ஆரம்பப் பள்ளிகளில், 2021ஆம் ஆண்டாகிய இவ்வாண்டு மே 10 முதல், பிள்ளைகள் வாரம் இரண்டு தடவை ஒரு பஞ்சுக்குச்சியை 30 விநாடி வாயில் வைத்துச் சூப்புகிறார்கள். மூக்கைக் குடைவதில்லை, விரலைக் குத்துவதில்லை. அதனால்தான் அதற்கு 'லொலிச் சோதனை', அதாவது குச்சிமிட்டாய்ச் சோதனை, என்று செல்லப் பெயர். வகுப்பின் குச்சிகள் அத்தனையும் ஒரே குழாய்க்குள் போய், ஆய்வுகூடத்தில் ஒரு கூட்டு மாதிரியாகப் பிசிஆர் முறையில் பார்க்கப்படுகின்றன. கிருமி இல்லையென்றால் வீட்டுக்கு ஒரு சொல்லும் வராது. இருந்தால் மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலேயே இன்னொரு குச்சியைத் தனியாகச் சூப்ப, அதைப் பெற்றோர் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொலோன் பல்கலைக்கழக மருத்துவமனை முன்னின்று வகுத்த முறை இது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்தவர்கள் நாம். இவர்கள் இருபத்தைந்து பானையிலிருந்தும் ஒவ்வொரு சோறு எடுத்து, ஒரே தடவையில் பதம் பார்க்கிறார்கள்.

இனிப் பனம்பழத்துக்கு வருகிறேன். அண்ணன் பனம்பழம் சூப்பியதை நான் மறுக்கவில்லை. எப்படிச் சூப்பினார் என்பதைத்தான் அவர் உங்களிடம் மறைத்துவிட்டார். பழத்துக்குக் கொட்டை மூன்று. வீட்டில் பிள்ளைகள் ஐந்து. அம்மா பழத்தைச் சுட்டு, தோலை உரித்து, கொட்டைகளைப் பிய்த்துத் தந்தால், பெரியக்கா சூப்பிய கொட்டை சின்னக்காவுக்கு, சின்னக்கா சூப்பியது அண்ணனுக்கு, அண்ணன் சூப்பியது தம்பிக்கு, தம்பி சூப்பியது கடைக்குட்டிக்கு, தும்பெல்லாம் வெளுத்த பிறகு கடைசியாகக் கொட்டிலில் நிற்கும் மாட்டுக்கு. தலை வாராத பிள்ளையை 'மாடு சூப்பின பனங்கொட்டை' என்று ஊரில் திட்டுவார்களே, அந்தக் கொட்டை மாட்டிடம் வந்து சேர்வதற்கு முன் எத்தனை வாய்களைக் கடந்து வந்தது என்று யாராவது எண்ணியதுண்டா? ஐந்து வாய்க்கு ஒரு கொட்டை. நடுவர் அவர்களே, கூட்டு மாதிரி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தது கொலோன் என்று சற்று முன் தவறாகச் சொல்லிவிட்டேன், அது யாழ்ப்பாணம். நம்மிடம் ஆய்வுகூடம் மட்டும் இருக்கவில்லை. அதனால் முடிவு வருவதற்கு இரண்டரை வாரம் எடுத்தது. வரும்போது ஐந்து பேருக்கும் ஒன்றாகக் கூகைக்கட்டாக வந்தது.

"வருத்தம் இல்லாத பிள்ளையை எதற்குச் சோதிப்பது?" என்றும் அண்ணன் கேட்டார். பள்ளி விடுமுறையின் முதற் சனிக்கிழமையை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. அன்று விடியற்காலையில் அம்மம்மா எங்களை உயர வரிசைப்படி நிறுத்தி, மூக்கைப் பொத்தி, ஆமணக்கெண்ணெயை ஊற்றினாரே, யாருடைய வயிற்றில் பூச்சி இருக்கிறது, யாருடையதில் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டாரா? பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினாரா? அன்று பொழுதுபடும்வரை கிணற்றடிக்கும் வேலிக்கரைக்கும் நாங்கள் ஓடிய ஓட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். ஆக்கினை என்ற சொல்லுக்கு என் அகராதியில் அந்தச் சனிக்கிழமைதான் பொருள். முப்பது விநாடிக் குச்சி அதன் பக்கத்திலேயே வராது.

எதிரணிச் சகோதரி சொன்ன ஒன்றுக்கு மட்டும் நான் கேலி இல்லாமல் பதில் சொல்ல வேண்டும். தொற்று இருப்பதாகத் தெரிந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் விரல் நீட்டிப் பார்ப்பார்கள், அந்தக் கூச்சம் பிள்ளையின் மனத்தில் தங்கிவிடும் என்றார். அது நடக்கிறது. அம்மாள் வருத்தம் வந்த வீட்டின் வாசலில் நாம் வேப்பிலை செருகினோம். உள்ளே ஒரு பிள்ளை படுத்திருக்கிறது, பார்த்து வாருங்கள் என்று அந்த இலை ஊருக்குச் சொன்னது. அதைக் கண்டு படலையில் கஞ்சி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. முகத்தைத் திருப்பியவர்களுக்காக வேப்பிலையைக் கழற்றிவிடுவோமா என்பதுதான் நான் சகோதரியிடம் கேட்கக்கூடியது.

இந்த மண்டபத்தின் வாசலில் இன்று ஊசி போட்டதற்கோ, நோயிலிருந்து தேறியதற்கோ, சோதித்ததற்கோ அத்தாட்சி கேட்டார்கள் அல்லவா? அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் எதைக் காட்டி உள்ளே வந்தார்கள்? ஒன்றையும் காட்டவில்லை. பள்ளியில் ஒழுங்காகச் சோதிக்கப்படுகிறவர்கள் என்பதால், பள்ளி மாணவர் என்பதே அவர்களுக்குச் சான்று. பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஊசியும் இன்னும் வரவில்லை. இந்த நவம்பர் 2 முதல், இருக்கையில் அமர்ந்திருக்கும்போது முகக்கவசமும் கட்டாயம் இல்லை என்று மாநிலம் சொல்லிவிட்டது. எஞ்சியிருப்பது குச்சி ஒன்று. அதன் தயவில் பிள்ளைகளை முன்வரிசையில் இருத்திவிட்டு, அந்தக் குச்சிக்கு எதிராகவே அண்ணன் மேடையேறியிருக்கிறார். இந்தத் துணிச்சலுக்காகவாவது அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

இனி என் வீட்டுக் கதை. சிலர் முன்பே கேட்டிருப்பீர்கள். இன்று சற்றுக் கூட்டிச் சொல்கிறேன்.

கடந்த மே மாதம், வகுப்புகள் இரண்டு பாதியாகப் பிரிந்து மாறி மாறி நடந்துகொண்டிருந்த காலம். இரண்டாம் வகுப்பில் என் மகனின் பாதியில் பதின்மூன்று பிள்ளைகள். ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கைபேசி அடித்தது: குழாயில் கிருமி இருக்கிறதாம். அடுத்த ஐந்து நிமிடத்தில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு பொலிஸ் நிலையமாகிவிட்டது. எங்கள் மகள் நேற்றுத் தும்மவே இல்லை என்றார் ஒருவர். சென்ற மாதம் இருமிய பிள்ளைகளின் பட்டியலை இறக்கினார் இன்னொருவர். யன்னலோரம் இருக்கும் பையன்தான் என்று என் மனைவி தீர்ப்பே எழுதிவிட்டார். பதின்மூன்று வீட்டிலும் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். ஒரு வீட்டிலும் அது சொந்தப் பிள்ளை இல்லை.

மகனோ குச்சியைச் சூப்ப மாட்டேன் என்றான். நேற்றுச் சூப்பியதையே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வாதாடினான். இது ஒன்றும் இல்லையடா, அப்பா செய்வதைப் பார் என்று சொல்லி, குச்சியை என் வாயில் வைத்து, முப்பது வரை எண்ணி, ஆட்டிக் காட்டினேன். எண்ணி முடித்த பிறகுதான் மனைவி கேட்டார்: "வீட்டில் இருந்தது அந்த ஒரு குச்சிதானே?"

இதே கதையை என் மனைவி சொல்லும்போது, நான் அதைச் சூப்பியதோடு நிற்கவில்லை, மகனின் பெயர் ஒட்டிய குழாய்க்குள் போட்டு மூடியும் விட்டேன் என்று சொல்வார். அது கலப்படம், பாதிதான் மூடினேன். மாமி அடுப்படியிலிருந்து, "இனி இரண்டாம் வகுப்புக்கு மருமகனைத்தான் கூப்பிடுவார்கள்" என்றார். வீட்டுச் செருப்போடு பள்ளிக்கு ஓடிப்போய், மூச்சிரைக்க, குச்சியை நான் சூப்பிவிட்டேன், இன்னொன்று தாருங்கள் என்று அலுவலக அம்மையாரிடம் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு கோடும் மாறாமல் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்கள் எந்த வகுப்பு?" என்று கேட்டார்.

முடிவு வந்தது. யன்னலோரப் பையனுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் மகனுக்குத்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. முடிவைச் சொன்னபோது அவன் நடையில் பந்தடித்துக்கொண்டிருந்தான். குச்சி இல்லையென்றால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

மாமி எங்களுடன்தான் இருக்கிறார். எழுபத்தாறு வயது, இருதய வருத்தம். அப்போது ஒரு ஊசிதான் போட்டிருந்தார். எட்டு வயதுப் பையனுக்கு ஒவ்வொரு இரவும் அவர்தான் குழையல் சோறு திரட்டி ஊட்டுவார். இவன் இனித் தானாகச் சாப்பிட வேண்டும் என்று நான் பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன். முடிவு வந்த அன்று, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியதும் நான்தான். முதல் நாள் இரவும் ஊட்டியவர்தானே, அப்போது உங்கள் குச்சி எங்கே போனது என்று அண்ணன் கேட்பார். கேட்கட்டும், என்னிடம் பதில் இல்லை. மாமிக்கு ஒன்றும் வரவில்லை என்பதுதான் என்னிடம் இருக்கிறது.

இரண்டு வாரம் மகன் ஒரு அறையில் இருந்தான். மாமி சோற்றைக் குழைப்பதை நிறுத்தவில்லை. கையால் தொடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கரண்டியால் உருண்டை பிடித்து, தட்டில் வரிசையாக அடுக்கி, கதவடியில் வைத்துவிட்டு, நடையின் மறு முனையில் கதிரை போட்டு அமர்ந்துகொள்வார். கதவு திறக்கும். "அம்மம்மா, இது ருசி இல்லை, கரண்டி மணக்குது" என்று குரல் வரும். "இன்னும் எட்டு நாள், அப்பன்" என்பார். மறுநாள், "இன்னும் ஏழு நாள், அப்பன்."

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, நான் அமர்கிறேன். அண்ணன் ஒரு தடவை மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்க்கட்டும். மாமியின் மடியில் சாப்பாட்டுப் பெட்டி திறந்திருக்கிறது, மகன் வாயைத் திறந்துகொண்டிருக்கிறான், கரண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வணக்கம்.