ஆயிரம் ரூபாய் எந்தக் கணக்கில் விழுகிறது?

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, எத்தனையோ பணிகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அவர்களே (இவர் வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி, காரணம் பிறகு தெரியும்), பெற்றோர் ஆசிரியர் கழகப் பெரியோர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார். அவருக்கும் வணக்கம்.

உயர்கல்வியை அரசு எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்று பேசச் சொன்னார்கள். உதவித்தொகை, விடுதி, ஆசிரியர் என மூன்று பகுதியாகக் குறித்து வந்திருக்கிறேன்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18-23 வயது மக்கள்தொகைக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு, நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. இது தானாக வந்துவிடவில்லை. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. 2022 செப்டம்பரில் மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு, படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில். 2021இல் ஆட்சி மாறியும் அந்தக் கட்டணச் சலுகையிலும் உள் ஒதுக்கீட்டிலும் யாரும் கைவைக்கவில்லை. அது சின்ன விஷயமில்லை.

ஆனால், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே! இங்கே பூசாரி ஒரு பட்டியல். தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் வைத்திருப்பது. வங்கிக்காரர்கள் மேப்பர் என்பார்கள். உங்கள் ஆதாரை நாலு வங்கியில் கொடுத்திருக்கலாம். மேப்பரில் ஒரு வங்கிதான் இருக்கும். ஆதார் வழி வரும் அரசுப் பணம் அந்த ஒன்றுக்குத்தான் போகும்.

ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இந்த அரங்கில் பலர் அவளாகவே இருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் சொல்லி, அம்மாவைக் காப்பாளராகப் போட்டு ஒரு கணக்கு. கல்லூரியில் சேர்ந்ததும் பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து சிம் விற்பவர் கூப்பிடுகிறார்: "கைரேகை வைம்மா, அஞ்சு நிமிஷத்துல அக்கவுண்ட், போன் கவர் இலவசம்!" வைத்தாள். அரசு மானியம் இந்தக் கணக்குக்கே வரட்டும் என்ற சம்மதமும் அந்த ரேகையோடு போனது. மேப்பர் மாறிவிட்டது. பழைய வங்கியில் பாஸ்புக்கை இயந்திரத்தில் விடுகிறாள், வெறும் தாளாகத் திரும்பி வருகிறது. கவுன்ட்டரில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு." கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "பணம் போயிருச்சுன்னு காட்டுதே!" சிம் விற்றவரோ குடையை மடக்கிப் போய்விட்டார். மெசேஜாவது வராதா? அந்த சிம்மைத் தம்பி கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஆஃபருக்கு மாறிவிட்டான்! ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் பணத்தைத்தான் காணோம்.

லிங்க் வேறு, சீடிங் வேறு. லிங்க் என்பது வங்கியின் கேஒய்சி பதிவு, அதாவது நீங்கள் யார் என்று வங்கி சரிபார்த்து வைப்பது. சீடிங் என்பது மேப்பரில் ஏறுவது. மை ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். எந்த வங்கி என்று வரும். மாற்ற வேண்டுமானால், பணம் வர வேண்டிய வங்கிக்குப் போய் "நேரடிப் பணப் பலனுக்கு சீடிங்" என்றே சொல்லிச் சம்மதப் படிவம் கொடுங்கள். பழைய வங்கியின் பெயரையும் எழுதுங்கள். ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் மறுபடி பாருங்கள்.

இன்னும் உண்டு. பதினெட்டு வயதானதும் மைனர் கணக்குக்குப் புதிதாகக் கையெழுத்தும் கேஒய்சியும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் வந்தும் எடுக்க முடியாது. பதினைந்து வயதில் ஆதாரில் கைரேகை புதுப்பிக்காதவர்க்கு இயந்திரம் ரேகையை ஏற்காமல் போகும். நம் இனிஷியல் இருக்கிறதே, மாற்றுச் சான்றிதழில் முன்னால் நிற்கும், ஆதாரில் பின்னால் நிற்கும், பாஸ்புக்கில் அப்பா பெயராகவே விரிந்திருக்கும். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சாமி வரம் கொடுத்தாச்சு, பூசாரி இனிஷியல் கேட்கிறார்!

விடுதியைப் பற்றி நேரமில்லை. ஆசிரியர் பணியிடத்தைப் பற்றி, பதினோரு மாதச் சம்பளத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் கல்லூரிகளைச் சுமப்பதைப் பற்றிப் பேசத் தனிக் கூட்டமே போட வேண்டும். நான் இன்று கேட்பது ஒன்றே ஒன்று. சேர்க்கை வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு அரசுக் கலைக் கல்லூரியிலும் ஒரு மேசை. அதில் சீடிங் செய்ய அதிகாரமுள்ள வங்கி ஊழியர் ஒருவர், ஆதார் திருத்தக் கருவியோடு ஒருவர், சான்றிதழ் விண்ணப்பிக்க இ-சேவை ஆபரேட்டர் ஒருவர். பணம் திரும்பிய விண்ணப்பங்களின் எண்ணும் காரணமும் மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பெயர் வேண்டாம், விண்ணப்ப எண் போதும். இதற்குப் புது அரசாணையோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம், கல்லூரியில் ஓர் அறை, ஒரு பிளக் பாயின்ட், இவ்வளவுதான்.

அறை தர முதல்வர் தலையசைத்துவிட்டார், நீங்களும் பார்த்தீர்கள். பூசாரியும் முன்வரிசையில்தான் இருக்கிறார், மன்னிக்க வேண்டும், முன்னோடி வங்கி மேலாளர்! எந்தத் தேதிக்கு ஆள் அனுப்புவார் என்று அவரே சொல்லட்டும். ஒலிவாங்கியை அவரிடம் தருகிறேன்.