கோடையில் ஒரு சுனை

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறை மலை கண்ணில் படும். பல மலைகளின் மேல் சுனை உண்டு. முப்பது ஆண்டுகளாக அந்தச் சுனைகளைத் தேடித்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

இமயமலையில் ஹேம்குண்ட் என்று ஓர் ஏரி, சுமார் 4,300 மீட்டர் உயரத்தில். சீக்கியர்கள் யாத்திரை போகும் இடம். அங்கே கோடையில்தான் பனி உருகித் தண்ணீர் வந்து சேரும். நம் சுனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மழைக்காலத்தில் பாறையில் வழிந்து வந்ததுதான் அதன் இருப்பு. தை பிறந்துவிட்டால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில், பேரனை ராயக்கோட்டை மலைக்கு அழைத்துப் போனேன். விடியும்போதே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். பஸ் தாமதம். போதாக்குறைக்குத் தக்காளி மண்டியில் பையன் வேடிக்கை பார்த்து நின்றான். அடிவாரத்துக்கு வந்தபோது மணி ஒன்பதரை. இருவருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தூக்கில் கேழ்வரகுக் கூழ்.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், ஆங்கிலேயத் தளபதி மேஜர் கௌடியின் படை பிடித்த கோட்டை அது. மதிலைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டே ஏறினேன். பாதி வழியில் பையன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். வெறும் பாறையில் மேலிருந்து வெயில் மட்டுமா சுடுகிறது? கீழிருந்து கல்லும் சுடும். செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது சூடு. மேலே போவதற்குள் தண்ணீரும் தீர்ந்துவிட்டது.

சுனையோரம் ஓர் ஆயா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சாமி, பிள்ளை முகம் இப்படிச் சிவந்துவிட்டதே!" என்று எழுந்து வந்தவர், என் தோளிலிருந்த துண்டை உருவிச் சுனையில் நனைத்து, அவன் தலையிலும் பிடரியிலும் போட்டார். "குடித்துவிடாதே கண்ணு, இது ஆடு இறங்குகிற தண்ணீர்" என்றார். ஈரம் காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கால் மணி நேரத்தில் பையன் தெளிந்தான். தூக்கிலிருந்த கூழைக் குடித்தான்.

அப்போதுதான் சுனையைச் சரியாகப் பார்த்தேன். பாறைச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழுப்புக் கோடுகள். ஒவ்வொரு கோடும் தண்ணீர் ஒரு காலத்தில் நின்ற மட்டம். மேல் கோடு என் மார்புக்கு வந்தது. அன்றைய தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, பச்சையாக. அடியில் பிளாஸ்டிக் பாட்டில்கள் கிடந்தன. ஆயா துண்டைத் திரும்பப் பிழிந்தபோது, அந்த நீரைக்கூட ஒரு சின்னப் பாறைக் குழியில் விட்டார். ஓர் ஆட்டுக்குட்டி வந்து நக்கியது. "மழை வரும்வரை இதுதான் சாமி இதுகளுக்கு" என்றார். வரவு கிடையாது, செலவு மட்டும் என்றேனே, அதை அந்த அம்மா எனக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

மலை மேல் சுனை இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு மூன்று லிட்டராவது சுமந்து போங்கள். சோப்புப் போட்டுக் குளிக்க அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள். யாருக்காவது தலை சுற்றினால் உச்சியை மறந்துவிட்டு நிழலில் படுக்க வைத்து ஈரத்துணி போடுங்கள். பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். தீர்த்தமலையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அரூர்ப் பக்கம். அங்கே ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து விழுகிறது. கோடையிலும் வற்றாது என்பார்கள் ஊரார். போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் படியேறிவிடுங்கள். வணக்கம்.