விளக்கை முதலில் வாங்காதீர்கள்: ஃபெஸ் வீட்டு ஹாலிலிருந்து

வணக்கம் மக்களே! மொராக்கோவில், ஃபெஸ் நகரத்தின் பழைய பகுதியான மதினாவுக்குள் ஒரு ரியாத்தில் தங்கியிருக்கிறேன். நடுவே முற்றமும் செடியுமாகக் கட்டிய வீடு. வெளியே கழுதை போகிற சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சந்துகளுக்குள் கார் வராது.

மொராக்கோ பாணியில் ஹாலை எப்படி அலங்கரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பொத்தல் போட்ட பித்தளை விளக்கு நான்கு வாங்கி வீட்டில் மாட்டினேன். சுவரெல்லாம் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம், உட்காருவதற்கு அதே பழைய சோபா. ஏதோ ஹோட்டல் வாசல் மாதிரி இருந்தது.

சரி, கேமராவைத் திருப்புகிறேன். அறை நல்ல நீளம், ஆனால் அகலம் கம்மி. கூரையைத் தாங்கும் சீடார் மர உத்தரம் எட்டுகிற அகலம்தான் அறைக்கும். அதனால் இருக்கை மூன்று சுவர்களையும் ஒட்டியே ஓடுகிறது. இதற்குச் செதாரி என்று பெயர். தாழ்வான மரப்பலகை, மேலே கெட்டி மெத்தை, முதுகுக்கு வரிசையாகத் திண்டு. பழைய மெத்தைகளுக்குள் ஆட்டு ரோமம்தான். மூலைகூட வீணாகவில்லை, பாருங்கள். பத்துப் பேர் வந்தாலும் முகம் பார்த்துப் பேசலாம்; ராத்திரி விருந்தாளி அதிலேயே கால் நீட்டிப் படுக்கலாம். நடுவில் புதினாத் தேநீருக்கு ஒரு வட்ட மேசை. என்னைக் கேட்டால் பாதிப் பணத்தைத் திண்டுக்கும் மெத்தைக்கும் ஒதுக்குங்கள்.

அப்புறம் சுவர். கீழ்ப்பகுதியில் மட்டும் ஸெல்லீஜ், அதாவது சின்னச் சின்ன வண்ண ஓட்டுத் துண்டுகளைச் சேர்த்த கோலம். நேற்று ஐன் நொக்பி என்கிற குயவர் பகுதிப் பக்கம் ஒரு பட்டறையில் வெகுநேரம் நின்றுவிட்டேன். சுட்டு மெருகேற்றிய களிமண் ஓடுகளைக் கனமான கூர்ச் சுத்தியலால் கொத்தி, விரல்நுனி அளவு நட்சத்திரம் எடுக்கிறார்கள். பிறகு வண்ண முகம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குகிறார்கள்! எந்தத் துண்டு எந்த நிறம் என்பது அடுக்குகிறவர் மனதில்தான் இருக்கிறது. பின்னால் சாந்து பூசி நிமிர்த்தினால்தான் கோலம் தெரியும். கைவேலை என்பதால் துண்டுகள் துளி மேடு பள்ளமாக நிற்கும்; வெளிச்சம் நெளிவதே அதனால்தான். அச்சடித்த டைல்ஸில் அது வராது.

ஆனால் சுவர் முழுக்க ஒட்டிவிடாதீர்கள். 1350களில் கட்டிய பூ இனானியா மதரசா இங்கே நடக்கிற தூரம். அதன் சுவரில் கீழே ஓடு, நடுவே செதுக்கிய ஜிப்சம் பூச்சு, மேலே சீடார் மரம். அந்த வெள்ளை ஜிப்சம் நடுவில் வருவதால்தான் கண்ணுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. வீட்டில் செதுக்க வசதியில்லையா? வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும்.

கம்பளம் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் பார்க்கும் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைக் கம்பளம், மத்திய அட்லஸ் மலையின் பெனி ஊராயின் மக்கள் குளிருக்காக நெய்தது. நகரத்து ஹாலுக்கு என்றால், நடுவில் பதக்கம் போன்ற கோலம் நெய்த சிவப்பு ரபாத் கம்பளம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

விளக்கா? இந்த அறையில் ஒன்றே ஒன்று. அதோ, மேலே.

இப்போது செஃபாரின் சதுக்கத்துக்குக் கிளம்புகிறேன். செம்புத் தட்டு தட்டுகிறவர்களின் இடம். மைக் என்ன பாடுபடப்போகிறதோ! தேநீர்த் தட்டு ஒன்று விலை பேச வேண்டும். பெட்டியில் இன்னும் நான்கு கிலோவுக்குத்தான் இடம்.