கதவைத் திறந்து வைத்த கடை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் தேநீர்க் கடையையே நாம் பேக்கரி என்றுதான் சொல்லி வருகிறோம். அதனாலோ என்னவோ, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பேக்கரிக்காரர் ஒருவரின் வழக்கைப் படித்தபோது அது எனக்கு அயலூர்ச் செய்தியாகத் தோன்றவில்லை. 2012ஆம் ஆண்டில் இரண்டு ஆண்கள் தங்கள் திருமணத்துக்கென்று கேக் கேட்க, தம் சமய நம்பிக்கை அதற்கு இடம் தராது என்று அவர் மறுத்துவிட்டார். 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், புகாரை விசாரித்த ஆணையம் அவருடைய சமயத்தை இளக்காரமாகப் பேசிவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்; நம்பிக்கையைக் காட்டி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பலாமா என்ற மூலக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

நம் நாட்டில் அந்தக் கேள்வி 1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. சமயம், சாதி, பால் போன்றவற்றைக் காட்டிக் கடைகளுக்குள் நுழைய எவரையும் தடுக்கக் கூடாது என்ற விதியில் வரும் ‘கடை’ என்ற சொல் எதையெல்லாம் குறிக்கும் என்று கேட்கப்பட்டபோது, உள்ளே விடுவது மட்டுமல்ல, வருகிறவருக்குத் தொழில் செய்து கொடுப்பதும் அதில் அடங்கும் என்று டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். அதுவே நம் அரசியலமைப்புச் சட்டத்தின் இன்றைய 15(2)ஆம் பிரிவு. 1955ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப்படுவது, இன்னும் ஒரு படி மேலே போய், மற்றவருக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் பொருளோ சேவையோ தரப்படுகிறதோ அதே முறையில் தராமல் தீண்டாமை காரணமாக மறுப்பதைக் குற்றமாக்கியது. தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். அந்த 500 ரூபாய் இன்று ஒரு கிலோ நெய் மைசூர்பாகு வாங்கக்கூடப் போதாது என்பது வேறு விஷயம்.

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் வழக்கறிஞராக இருந்த இத்தனை ஆண்டுகளில், ‘என் நம்பிக்கை’ என்று வாய்திறந்து சொன்ன கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த ஒருவர் என்னிடம் சொன்னது வேறு: “எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பத்துப் பேரு வாரதை நிறுத்திப்போட்டா நாங் கடையைச் சாத்தோணுமுங்க.” பிறகு அவர் கண்ணாடிக் குவளைகளைச் சிலருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் காகிதக் குவளையில் ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினார். கேட்டால், அது சுகாதாரமாம். முடிதிருத்துகிறவரின் நிலையோ இதைவிடச் சங்கடமானது. அவரே ஊரில் எளியவர், மறுக்கச் சொல்லி மிரட்டுகிறவர் வேறொருவர். தூண்டியவருக்கும் அதே தண்டனை என்று அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. நான் பார்த்த வழக்குகளில் அந்தப் பிரிவு முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற்றது அரிது. எல்லாக் கடைக்கும் ஒரே விதி என்று கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால், “என்ன செய்யட்டுமுங்க, சட்டம்” என்று சொல்லித் தப்பிக்க அந்த எளியவருக்கு ஒரு வழி கிடைக்கும் என்பதே என் கருத்து.

ஆனால், கடைக்காரருக்கு மறுக்கும் உரிமையே கிடையாது என்று யாரும் எண்ண வேண்டாம். சைவ உணவகத்தில் கோழிக்குழம்பு கேட்டால் இல்லை என்பார்கள். அது யார் கேட்டாலும் இல்லை. பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பேக்கரி ஒன்று, ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த வழக்கில், 2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் பிரித்துப் பார்த்தது: மறுப்பு அந்த வாசகத்துக்கே ஒழிய, கேட்ட மனிதருக்கு அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சக உரிமையாளர் என்னைத் தேடி வந்தார். சாதி மாறிய திருமணம். மாப்பிள்ளை பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அழைப்பிதழ் அடிக்க மனம் ஒப்பவில்லை, மறுத்தால் வழக்கு வருமா என்று கேட்டார். ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் துண்டறிக்கையை நீங்கள் தாராளமாக மறுக்கலாம், அதை யார் கொண்டுவந்தாலும் மறுப்பீர்கள். ஆனால் முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும் கொண்ட இந்தத் தாளில் உங்கள் கருத்து என்று எந்த வரி இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். மறுத்தால், தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதையும் 12ஆம் பிரிவைக் காட்டிச் சொன்னேன்.

மாதிரியைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த தம் அச்சகத்தின் பெயரை விரலால் தொட்டு, இதை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். 300 அழைப்பிதழ்களும் பெயரில்லாமலே போயின. மணவீட்டார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.