அறிக்கையில் ‘நார்மல்’ என்றால், எதற்கு நார்மல்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சக்சினைல்கோலின் என்று ஒரு மருந்து இருக்கிறது. ‘ஸ்கோலின்’ என்றால் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்துவது அதன் வேலை. கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் வரை நரம்பில் போட்டால் ஒரு நிமிடத்தில் உடல் தளர்ந்துவிடும். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் மூச்சு தானே திரும்பும். இவ்வளவு விரைவாகத் தெளிவது எப்படி? கல்லீரல் உண்டாக்கி ரத்தத்தில் விடும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி, ஊசியில் போன மருந்தில் பெரும்பகுதியைத் தசையை எட்டும் முன்பே உடைத்துவிடுகிறது. அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவருக்கும் இதே அளவைத்தான் போடுகிறோம். அவருக்கு மூச்சு திரும்ப மணிக்கணக்கில் ஆகிறது.

அந்த நொதி இல்லாதவர் நோயாளி அல்ல. உண்பதில், உழைப்பதில், பிள்ளை பெறுவதில் எந்தக் குறையும் இராது. இந்த ஊசியோ, இதே நொதியால் உடையும் மைவாகூரியமோ உடம்பில் ஏறும்வரை அது வெளியே தெரியாது. நோயைக் காட்டும் குறியீடுகள் உண்டு. இது மருந்தின் நஞ்சை முன்கூட்டிக் காட்டும் குறியீடு.

1957-இல் டொரண்டோவில் வெர்னர் காலோ இதற்கு ஓர் அழகான சோதனையை வகுத்தார். டிபுகைன் என்ற மரப்பு மருந்தை ரத்தத் தெளிவுடன் (சீரம்) சேர்த்தால், இயல்பான நொதியின் வேலை 80 சதவீதம் அளவுக்கு முடங்கும். வடிவம் மாறிய நொதி 20 சதவீதம் அளவுக்கே முடங்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றம் வந்தவருக்கு 60-ஐ ஒட்டி இருக்கும். இதுதான் டிபுகைன் எண். ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் குறை, நொதி இருந்தும் அதன் வடிவம் மாறியிருப்பது. அந்தக் கேள்விக்கு இந்த எண் சரியான விடை தரும்.

தென்னிந்தியாவில் கேள்வியே வேறு. ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு எங்கும் வாழும் ஆரிய வைசியர் சமூகத்தில் நொதியின் 307-ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் அமர்ந்த ஒரு மாற்றம் தலைமுறைகளாக வருகிறது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவருக்கு ரத்தத்தில் நொதியின் வேலை அநேகமாகப் பூஜ்யம். வேலையே செய்யாத நொதியில் எத்தனை சதவீதம் முடங்கியது என்று எப்படிக் கணக்கிடுவது? டிபுகைன் எண் அங்கே பொருளற்றுப் போகிறது. மாறிய மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவரிடம் நிலைமை இன்னும் ஏமாற்றும்: அவர் ரத்தத்தில் வேலை செய்வது இயல்பான நொதி மட்டுமே. அதனால் எண் 80 என்றே வரும், ஆனால் நொதியின் மொத்த அளவு பாதிதான் இருக்கும். ஆகவே நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது நொதியின் செயல்திறன். எண்ணைக் கேட்பது அதற்குப் பிறகு.

செயல்திறனை அளக்கும் இந்தச் சோதனை எளிது, செலவும் குறைவு. கெடுவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும்போது. சர்க்கரைப் பரிசோதனைக்கான புளூரைடு குழாயில் எடுக்கவே கூடாது, புளூரைடு இந்த நொதியை முடக்கிவிடும். பிளாஸ்மா ஏற்றிய பிறகு எடுத்தால் கொடுத்தவரின் நொதியையே அளக்கிறோம். கர்ப்ப காலத்திலும் கல்லீரல் நோயிலும் அளவு இயல்பாகவே இறங்கும். அலகும் வரம்பும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும், எனவே ஓர் இடத்து எண்ணை இன்னோர் இடத்து வரம்போடு ஒப்பிடாதீர்கள்.

இதே சோதனைதான் பூச்சிமருந்து குடித்தவருக்கும் செய்யப்படுகிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் நஞ்சில் இந்த நொதி இறங்கும். பிறவிக் குறை உள்ளவர் வேறு காரணத்துக்காக மயங்கி வந்து, நொதியின் செயல்திறன் பூஜ்யமாக வந்தால், நஞ்சு என்று முடிவு கட்டி அதற்கான மாற்று மருந்தான அட்ரோபினை ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. கண்மணி சுருங்கியிருக்கிறதா, எச்சில் வடிகிறதா, வியர்க்கிறதா என்று நஞ்சின் அடையாளங்களைப் பாருங்கள். ஐயம் இருந்தால் சிவப்பணுவில் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸை அளக்கச் சொல்லுங்கள். நஞ்சில் அதுவும் இறங்கும். பிறவிக் குறையில் இறங்காது.

தெரியாமல் ஊசி போட்டு மூச்சு வராமல் போனால், வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருப்பதே சிகிச்சை. ஆனால் தூக்க மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நினைவு திரும்பும், விரலைக்கூட அசைக்க முடியாது. அந்தக் கொடுமையை யாருக்கும் செய்யாதீர்கள். பிறகு உடன்பிறந்தவர்களைச் சோதியுங்கள். ஒவ்வொருவருக்கும் இதே குறை இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மருந்தின் பெயரை எழுதிய அட்டை அவர்கள் பையில் இருக்கட்டும். அவசரத்தில் டியூப் போட, ஸ்கோலினுக்குப் பதிலாக ரோகுரோனியம் என்ற மருந்து இருக்கிறது.

இதே கதை, நோயெதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரையிலும் நடக்கிறது. கிரோன் என்ற குடல் நோய், குடல் புண் அழற்சி, சிறுநீரக மாற்று என்று பலருக்கும் தரப்படும் மருந்து இது. உடலுக்குள் இது 6-மெர்காப்டோப்யூரினாக மாறுகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அதையே நேரடியாகத் தருகிறோம். இந்த மருந்தின் வீரியத்தைத் தணிக்கும் டி.பி.எம்.டி. நொதி ஐரோப்பியரில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு அறவே இல்லை. அவருக்கு வழக்கமான அளவைத் தந்தால் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கிவிடும். எனவே மருந்துக்கு முன் டி.பி.எம்.டி. பார்க்கும் வழக்கம் மேற்கில் வந்தது, நாமும் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் ஆசிய நோயாளிகளில் டி.பி.எம்.டி. சரியாக இருந்தும் வெள்ளையணுக்கள் சரிந்தன. 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள்: என்.யு.டி.டி.15 என்ற மரபணு உண்டாக்கும் புரதத்தில் 139-ஆம் இடத்து மாற்றம். ஐரோப்பியரில் அரிதான இது, கிழக்காசியரிலும் இந்தியரிலும் பரவலாக உண்டு. டி.பி.எம்.டி. மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதும் அறிக்கை, நமக்கு முக்கியமான கேள்வியைக் கேட்கவே இல்லை.

இன்னொரு பொறியும் உண்டு. டி.பி.எம்.டி. குறைவில், இந்த மருந்து உடலில் மாறி உண்டாகும் தியோகுவானின் நியூக்ளியோடைடு சிவப்பணுவில் ஏறும், அளந்தால் தெரியும். என்.யு.டி.டி.15 குறைவில் அந்த அளவு ஏறாமலே மஜ்ஜை பாதிக்கப்படும். மருந்தின் அளவைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. இரு பிரதியும் மாறியவருக்கு இரண்டு, மூன்று வாரங்களிலேயே தலைமுடி கொத்தாக உதிர்வதுண்டு. சீப்பில் முடி வருகிறது என்று நோயாளி சொன்னால், அன்றே ரத்த அணுக்களை எண்ணச் சொல்லுங்கள்.

ஒரு பிரதி மாறியிருந்தால் வழக்கமான அளவில் 30 முதல் 80 சதவீதத்தில் தொடங்கலாம். இரண்டும் மாறியிருந்தால், குடல் நோய்க்கு வேறு மருந்தைத் தேடுவது நல்லது. ரத்தப் புற்றுநோயில் அதைக் கைவிட முடியாது என்பதால், சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் தரும் இடத்தில் 10 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். ரத்தம் ஏற்றியவருக்கு டி.பி.எம்.டி. நொதியைச் சிவப்பணுவில் அளக்காதீர்கள், மரபணுவைப் பாருங்கள்.

கார்பமசெபின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004-இல் தைவான் ஆய்வில், இந்த வலிப்பு மருந்தால் தோல் உரிந்துபோன 44 ஹான் சீனர்களிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. ஆனால் ஐரோப்பியரிலும் ஜப்பானியரிலும் இம்மருந்தின் தோல் ஒவ்வாமையோடு பேசப்படுவது எச்.எல்.ஏ.-ஏ 31:01. ஒன்று இல்லை என்று வந்தால் மற்றதும் இல்லை என்று ஆகாது. பல மாதங்கள் தொல்லையின்றி மாத்திரை சாப்பிட்டுவிட்டவருக்கு இந்தச் சோதனை வேண்டியதில்லை.

மீண்டும் அசாதயோபிரின். இரு மரபணுக்களும் சரியாக இருந்தாலும் வெள்ளையணு குறைவதுண்டு. முதல் மாதம் வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வாதத்துக்கு (கௌட்) அல்லோபியூரினால் என்ற மருந்து எழுதப்பட்டால் அசாதயோபிரினை நான்கில் ஒரு பங்காகவாவது குறைக்க வேண்டும், ஏனெனில் அல்லோபியூரினால் அசாதயோபிரினை உடைக்கும் இன்னொரு வழியை அடைத்துவிடுகிறது. பெரும்பாலும் இரண்டையும் எழுதுபவர் வேறு வேறு மருத்துவர். ஆகவே நோயாளியிடமே சொல்லி அனுப்புங்கள்: வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள், காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.