சொந்தக் காற்றாலைக்குச் சத்தம் குறைவு

நேயர்களுக்கு வணக்கம்.

‘பசுமைப் பொருளாதாரம்’ பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு மரம் நடும் புகைப்படம்தான் கண்முன் வரும். நான் பேசப்போவது காசைப் பற்றி. யார் போடுகிறார்கள், யாருக்குத் திரும்பி வருகிறது, அதை எந்தக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றி.

ஒரு தீவிலிருந்து தொடங்குகிறேன். டென்மார்க்கில் சாம்சோ என்று ஒரு தீவு. சுமார் 4,000 பேர் வசிக்கிறார்கள். 1997இல் டென்மார்க் அரசு தீவுகளுக்குள் ஒரு போட்டி வைத்தது: எரிசக்தித் தேவையைக் காற்று, வெயில், வைக்கோல் போன்றவற்றைக் கொண்டே பத்து ஆண்டுகளில் சமாளிக்க யாரிடம் நல்ல திட்டம் இருக்கிறது? சாம்சோ வென்றது. அதன்பிறகு நிலத்தில் 11 காற்றாலைகள் எழுந்தன, கடலில் 10.

அவை யாருடையவை என்று பாருங்கள். நிலத்தில் நிற்பவற்றில் பெரும்பாலானவற்றை அங்குள்ள உழவர்களே வாங்கினார்கள். மீதி இரண்டு, தீவு மக்கள் கூட்டுறவாகப் பங்கு போட்டு வாங்கியவை. கடலில் நிற்பவற்றில் ஐந்தை நகராட்சி வாங்கியது. வீடுகளைச் சூடாக்கவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அறுவடை முடிந்த வயலின் வைக்கோலைப் பெரிய உலையில் எரித்து, வெந்நீரைக் குழாய் வழியே வீடு வீடாக அனுப்புகிறார்கள். முன்பு எண்ணெய் வாங்கிய வகையில் தீவைவிட்டு வெளியேறிய பணம், இப்போது வைக்கோல் கொடுக்கும் உழவரின் கைக்குப் போகிறது.

காற்றாலை என்றால் இரைச்சல், நிழலாட்டம், காட்சி கெடுகிறது என்று எல்லா ஊரிலும் புகார் உண்டு. நியாயமான புகார்தான். ஆனால் மனித மனம் விசித்திரமானது. முகம் தெரியாத கம்பெனியின் காற்றாலை சுழன்றால் தூக்கம் வராது. அதில் நமக்கும் ஒரு பங்கு இருந்தால், இறக்கை நின்றுபோன இரவில்தான் தூக்கம் வராது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சாம்சோவின் கார்களும் படகுகளும் எண்ணெயில்தான் ஓடின. அந்தப் புகையை ஈடுகட்டும் அளவுக்குக் கடல் காற்றாலைகள் மின்சாரம் தந்ததால், வரவு செலவு சரி என்று கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் எழுதிய கணக்கை மறைக்கவில்லை, அதனால் மன்னிக்கிறேன்.

சரி, தீவு சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், நாடு முழுக்க இது நடக்குமா? நல்ல மனசை நம்பி நடக்காது, சட்டம் வேண்டும். டென்மார்க்கில் 2009இல் ஒரு விதி அமலுக்கு வந்தது: புதிதாகக் காற்றாலை கட்டுபவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை உள்ளூர் மக்களுக்கு விற்க முன்வர வேண்டும். நாலரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை. பங்கு வாங்கக் கையில் காசில்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி இதிலும் மிச்சம் இருந்தது. பின்னாளில் அந்த விதியை எடுத்துவிட்டு, அருகில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் பணம் போய்ச் சேரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

ஜெர்மனியின் பாடம் வேறு மாதிரி. அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டம், கூரையில் சூரியத் தகடு வைத்தவரின் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு நிர்ணயித்த விலையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது. இதில் பெரிய விஷயம் விலைகூட இல்லை, அந்த 20 ஆண்டுகள்தான். அந்த உறுதி கையில் இருந்ததால், சாதாரணக் குடும்பமும் விவசாயியும் கூட்டுறவுச் சங்கமும் வங்கியில் போய் உட்கார்ந்து கடன் கேட்க முடிந்தது. மேலாளருக்கு இயற்கைமேல் காதல் இருக்க வேண்டியதில்லை, தவணை வருமா என்று தெரிந்தால் போதும்.

ஆனால் அந்த விலைக்கான பணத்தை எல்லாருடைய மின் கட்டணத்திலும் மேல்வரியாகச் சேர்த்தார்கள். மின்சாரத்தை அதிகம் தின்னும் பெரிய ஆலைகளுக்குச் சலுகை கொடுத்தார்கள். சொந்தக் கூரை இல்லாத வாடகை வீட்டுக்காரர், தகடு வைத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டினார். பல ஆண்டு முணுமுணுப்புக்குப் பிறகு 2022இல்தான் அந்த மேல்வரியை நீக்கி, செலவை அரசுக் கருவூலம் ஏற்றது.

வரி என்றதும் இரண்டு நகரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஸ்டாக்ஹோமில், நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணம் என்றபோது பெரும்பாலான மக்கள் எதிர்த்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது? 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகளை ஓடவிட்டது. அப்புறம் 2006 ஜனவரியில் கட்டணத்தைத் தொடங்கியது, அதுவும் ஏழு மாதச் சோதனையாக மட்டும். எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலைக் கடைசியில் நிறுத்தினார்கள், நெரிசல் திரும்பி வந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது, இரண்டையும் கண்ணால் பார்த்த நகரவாசிகள் குறுகிய பெரும்பான்மையில் ‘வேண்டும்’ என்றார்கள். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிலையாகிவிட்டது.

இப்போது பிரான்ஸ், 2018. எரிபொருள் வரி ஏறியது. பாரிஸில் மெட்ரோ இருக்கிறது. ஆனால் வேலைக்கு நாற்பது கிலோமீட்டர் போகிற ஊர்க்காரருக்குப் பேருந்தே கிடையாது, பழைய டீசல் கார்தான் கதி. நவம்பரில் அப்படிப்பட்டவர்கள் வரியை எதிர்த்து மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு சாலைச் சந்திப்புகளில் உட்கார்ந்தார்கள். டிசம்பரில், அடுத்து வரவிருந்த வரி உயர்வை அரசு கைவிட்டது. என் கணக்கில் அங்கே தோற்றது வரிசைதான். பேருந்து முன்னால் வந்திருக்க வேண்டும், ரசீது பின்னால்.

அந்தப் பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்று யாரைக் கேட்கிறோம்? 1990களில் வியன்னா நகராட்சி, ஆண்களும் பெண்களும் ஊருக்குள் எப்படிப் போய் வருகிறார்கள் என்று விசாரித்தது. ஆண்களில் பலருடைய பயணம் ஒரே கோடு, வீடு, வேலை, வீடு. பெண்களின் கோடு முடிச்சு முடிச்சாக இருந்தது. பள்ளி, வேலை, மருத்துவர், மாமியார் வீடு, கடை, திரும்பவும் பள்ளி. அதில் பெரும்பகுதி நடையும் பேருந்தும். அதன்பின் நடைபாதையை அகலப்படுத்தினார்கள், குழந்தை வண்டி ஏறச் சரிவு வைத்தார்கள், விளக்குப் போட்டார்கள். புகையைக் குறைக்கிற வேலைதான் இது, ஆனால் அந்தப் பெயரில் யாரும் எழுதிவைக்கவில்லை.

நானும் சில கருத்துக் கேட்புக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். காலை பதினொரு மணிக்கு வைப்பார்கள். சுவரில் வண்ண வரைபடம், முன்வரிசையில் ஒப்பந்தக்காரர்கள். அந்த வரைபடத்தில் தினமும் நடக்கிறவர்கள் அந்நேரம் வேலையில் இருப்பார்கள். ஒருமுறை மட்டும் மாலை ஏழு மணிக்கு வைத்து, வரைபடத்தை மேஜைமேல் விரித்து, ஆளுக்கொரு பென்சில் கொடுத்தார்கள். வயதான ஓர் அம்மா முதலில் கேட்டது, “இதில் எங்கேயப்பா உட்காருவது?” அத்தனை பெரிய வரைபடத்தில் ஒரு பெஞ்சுகூட இல்லை. பொறியாளர் சிரித்துக்கொண்டே நாலு இடத்தில் வட்டம் போட்டார்.

கடைசியாக, வேலை இழப்பவர்கள். இதைப் பேசாமல் பசுமை பேசுவது எனக்குப் பிடிக்காது. 2018 அக்டோபரில் ஸ்பெயின் அரசு, நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதற்கு முன்னால் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டது. 25 கோடி யூரோ. 48 வயதைக் கடந்தவர்களுக்கு முன்கூட்டி ஓய்வு, இளையவர்களுக்குப் பயிற்சி, மூடிய சுரங்க நிலத்தைச் சீர்செய்யும் வேலையில் அந்தத் தொழிலாளர்களுக்கே இடம். எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. இளைஞர்கள் அந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குகளை விட்டுக் கிளம்புவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் பூட்டுப் போடுவதற்கு முன்பே பேசினார்கள், தொகையையும் வயதையும் காகிதத்தில் எழுதினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். உங்கள் பகுதியில் அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தால், முதலில் அது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். வணக்கம்.