திகதி முத்திரையும் மஞ்சள் வழக்கும்

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் இந்நேரம் பல வீடுகளில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மஞ்சள் போட்டுவிட்டீர்களா? 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது பட்ட பாடு நினைவிருக்கும். ஐம்பது கிராம் பொட்டலத்தைக் கையில் எடுப்பதும், விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதுமாக இருந்தோம். அந்த மஞ்சளை வைத்துத்தான் இன்றைய பேச்சு.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ஒருவர் பெற்றுவிட்ட ஆக்கவுரிமையை, பேட்டன்ட் என்கிறோமே அதை, வழங்கிய அலுவலக மட்டத்திலேயே எதிர்த்துத் தள்ளுபடி செய்விப்பது பற்றியது. சட்டத்தரணி ஒருவரை அழைத்திருக்க வேண்டிய இடம். அழைத்திருப்பதோ ஓய்வுபெற்ற ஒரு பிரதேச சபை நூலகரை. நூலகருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த விவகாரங்களில் பலவற்றை முடித்து வைத்தது எங்கோ ஒரு நூலகர் குத்திய திகதி முத்திரைதான்.

என் தகப்பனார் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், செடிகளைக் கத்தரிப்பவர். கவ்வாத்துக் கத்தி சறுக்கினால் எங்கே படும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: செடியின் வாதைப் பிடித்திருக்கும் இடது கையில். ஒருமுறை பெருவிரல் எலும்பு தெரியுமளவுக்கு வெட்டுப்பட்டு வந்தார். அம்மாயி விறகு அடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்து, தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடாக்கி, ஊதி ஊதி அப்பினார். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அந்த மஞ்சள் துணியோடுதான் தகப்பனார் நின்றார். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டில் இது நடந்திருக்கும்.

அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு 1995 மார்ச்சில் ஓர் ஆக்கவுரிமை கிடைத்தது. மஞ்சள்தூளைக் காயத்தில் பூசியோ உட்கொள்ளக் கொடுத்தோ காயத்தை ஆற்றும் முறை. கண்டுபிடிப்பாளர்களாகப் பெயர் பதிந்த இருவரும் இந்திய வம்சாவளியினர். அவர்கள் வீட்டுப் பாட்டிமாரும் இதைச் செய்திருப்பார்கள் என்று நான் சொன்னால் சட்டத்தரணிகள் கோபிப்பார்கள். சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

இந்தியாவின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996 அக்டோபரில் இதை எதிர்த்தது. எதிர்த்த இடத்தைக் கவனியுங்கள். வழக்குப் போடவில்லை. ஆக்கவுரிமையைக் கொடுத்த அதே அலுவலகத்துக்குப் போய், "நீங்கள் கொடுத்ததை நீங்களே மறுபடி பாருங்கள்" என்று விண்ணப்பித்தார்கள். கொழுந்து நிறுவையில் சந்தேகம் வந்தால் உடனே தொழில் நியாயசபைக்கா ஓடுகிறோம்? கூடையைத் திரும்பத் தராசில் வையுங்கள் என்றுதானே முதலில் கேட்கிறோம். அதே மாதிரி. செலவு குறைவு, காலமும் குறைவு. நிறுத்தவருக்கே தன் தவறைத் திருத்த ஒரு வாய்ப்பு.

ஆனால் தராசில் என்ன வைப்பது? இங்கேதான் விவகாரம் இருக்கிறது. அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி சொல்லவைக்க முடியாது. முன்பே இருந்த பழைய அறிவுக்கு ஆக்கவுரிமை கிடையாது. எது பழைய அறிவு என்பதில் அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டம் இப்படி: அமெரிக்காவுக்குள் மக்கள் அறிந்திருந்தால், பயன்படுத்தியிருந்தால் அது பழைய அறிவு. வெளிநாட்டில் மக்கள் செய்துவந்தது மட்டும் போதாது. அது ஆக்கவுரிமைப் பத்திரத்திலோ வெளியான நூலிலோ, இதழிலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். கோடிப் பேர் தலைமுறை தலைமுறையாகச் செய்தாலும் தாளில் இல்லையென்றால் அந்த மேசைக்கு அது வந்து சேராது.

ஆகவே அந்த மன்றத்தினர் தாள் தேடினார்கள். சமஸ்கிருதம், உருது, இந்தி என்று 32 ஆதாரங்கள். அவற்றில் ஒன்று இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953இல் வந்த கட்டுரை. எதிர்த் தரப்பு சும்மா இருக்கவில்லை. "பழைய நூல்கள் சொல்வது குழைத்த மஞ்சள், எங்களுடையது தூள், உடம்பு இரண்டையும் ஒரே விதமாக ஏற்பதில்லை" என்று வாதாடினார்கள். அம்மாயி கேட்டிருந்தால் கரண்டியை ஓங்கியிருப்பார். அலுவலகம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 1997இல் ஆறு உரிமைக்கோரல்களையும், அதாவது இதெல்லாம் எங்களுடையது என்று பத்திரத்தில் கேட்டிருந்த ஆறையும், நிராகரித்தது. இரண்டு வருடத்துக்குள் காரியம் முடிந்துவிட்டது.

திரும்பவும் சொல்கிறேன், வானொலியில் திரும்பச் சொல்வது குற்றமில்லை: வென்றது தாள். திகதி உள்ள தாள்.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். தாள் எங்கோ கிடந்தால் போதுமா? போதாது, தேடுபவர் கையில் அகப்படக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இதில் இரண்டு வழக்குகள் எனக்கு மிகவும் பிடித்தவை. நூலகப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே மனப்பாடமாகிவிட்டது.

முதலாவது 1986இல் தீர்ந்தது. ஜெர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வேடு. அந்த ஒரு பிரதியை வைத்து அமெரிக்காவில் ஒருவரின் ஆக்கவுரிமைக் கோரிக்கையை மறுத்தார்கள். அவரோ, "அது எந்த நாளில் அலுமாரிக்கு வந்தது என்று உங்களால் காட்ட முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நூலக அதிகாரி ஒருவர் சத்தியக் கடிதம் கொடுத்தார். எங்கள் நூலகத்தில் ஆய்வேடு வந்தால் இன்னின்ன வேலை நடக்கும், இவ்வளவு நாளில் அட்டவணையில் ஏறும், ஆகவே இது 1977 டிசம்பர் தொடக்கத்தில் வாசகருக்குக் கிடைத்திருக்கும் என்று எழுதினார். சரியான நாளைக்கூட அவர் சொல்லவில்லை. வேலை ஒழுங்கை மட்டும் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நேயர்களே, ஒரு நூலகம் ஒழுங்காக வேலை செய்தது என்பதே அங்கே சாட்சி! பிரதேச சபைக் கூட்டங்களில் நூலகத்துக்கு ஆள் எதற்கு என்று கேட்கும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். யாரும் அசைந்ததாக ஞாபகமில்லை.

இரண்டாவது இதற்கு நேர்மாறு, 1989. அமெரிக்காவின் ரீட் கல்லூரியில் மாணவர்களின் ஆய்வேடுகள். அவற்றுக்கான அட்டைகள் மாணவரின் பெயர் வரிசையில்தான் இருந்தன; பொருள் வரிசையில் இல்லை. இரசாயனத் துறையில் அந்த அட்டைகள் இருந்த இடம் ஒரு சப்பாத்துப் பெட்டி! விஷயத்தைத் தேடிப்போகிறவருக்கு மாணவரின் பெயர் எப்படித் தெரியும்? ஆகவே அவை பொதுமக்களுக்கு எட்டும் வெளியீடுகள் ஆகா என்று தீர்ப்பு. எழுதியிருந்தும் எழுதாததற்குச் சமமாகிவிட்டது. என் காலத்தில் எங்கள் நூலகத்திலும் அப்படியொரு பெட்டி இருந்தது. தீர்ப்பைப் படித்த வாரமே அட்டைகளைப் பொருள்வாரியாக எழுதத் தொடங்கினேன்.

அந்த நாட்களில் ஒரு லயத்திலிருந்து பெரியவர் ஒருவர் ஒற்றைக் கோட்டுக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். வைத்தியம் பார்த்த தன் தகப்பனார் எழுதிய வாகடக் குறிப்பு. அட்டைப்பூச்சிக் கடிக்கு, சேற்றுப் புண்ணுக்கு, குளிர்காய்ச்சலுக்கு. மை மங்கி, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. பக்கங்களின் நடுவே தோட்டத்துச் சம்பளத் துண்டு ஒன்று. சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, பொருள் அட்டை எழுதி அலுமாரியில் வைத்தேன். வருடாந்தப் பொருட்கணக்கெடுப்புக்கு வந்த உத்தியோகத்தர் அதைக் கழிவுப் பட்டியலில் போடச் சொன்னார். நான் போடவில்லை.

வேம்பு வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் வேப்பெண்ணெயை வைத்துப் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் உரிமை பெற்றிருந்தன. அங்கே வழங்கிய நாளிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். இந்தியச் சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் 1995இல் ஆட்சேபித்தார்கள். ஐரோப்பியச் சட்டத்தில் வெளிநாட்டு வழக்கமும் செல்லும். ஆகவே முன்பே இதைச் செய்துவந்த இந்தியத் தொழிலதிபர் ஒருவர் நேரில் சாட்சியளிக்க முடிந்தது. 2000 மே மாதம் உரிமை இரத்தானது. மேன்முறையீடு 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. மஞ்சளுக்கு இரண்டு வருடம்கூட இல்லை, வேம்புக்குப் பத்து. அலுவலக வழி என்றாலே விரைவு என்று நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்கா 2011இல் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டில் நடந்த பொதுப் பயன்பாடும் இப்போது பழைய அறிவாகக் கணக்கில் வரும். 2012 செப்டம்பரிலிருந்து புதியதொரு மீளாய்வு முறையும் நடக்கிறது. மூன்று நிர்வாக நீதிபதிகள் இருந்து, இரு தரப்பையும் கேட்டு, விசாரணையை ஏற்ற நாளிலிருந்து பொதுவாக ஒரு வருடத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இது செல்லுமா என்றே வழக்குப் போய், 2018இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்த முறையில் காட்டக்கூடிய ஆதாரம் என்ன தெரியுமா? முந்தைய ஆக்கவுரிமைகளும் வெளியான எழுத்துகளும் மட்டும். சுற்றிச் சுற்றி மறுபடி தாள்! ஆனால் கட்டணம் பல்லாயிரம் டொலர். பெரிய கம்பனிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் களம் என்பதே என் கணிப்பு. சிறிய கண்டுபிடிப்பாளரைத் திரும்பத் திரும்ப இழுத்தடிக்க இது உதவுகிறது என்ற முறைப்பாடும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. எல்லா ஆக்கவுரிமையும் களவு என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து ஸ்டோர்களில் தேயிலை காய்ச்சிய சிரோக்கோ அடுப்புகள் பெல்பாஸ்ட் நகரத்து சாமுவேல் டேவிட்சன் ஆக்கவுரிமை பெற்றவை. அவர் உண்மையாகவே செய்து காட்டினார்.

அதனால் கோபப்படுமுன் உரிமைக்கோரலைப் படியுங்கள். நீரிழிவுக்காரர்கள் கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பது நமக்குத் தெரியும். அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த சேர்மத்துக்கு ஜப்பானிய நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் உரிமை பெற்றது. நம் கோப்பையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பேசினோம். கோப்பைத் தண்ணீர் வேறு, பிரித்தெடுத்த சேர்மம் வேறு. இரண்டாவதை உடைக்க வேண்டுமென்றால், சேர்மத்தைப் பற்றிய முந்தைய எழுத்தைக் காட்ட வேண்டும், கோப்பை போதாது.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். நம் நாட்டுச் சட்டத்துக்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன். மஞ்சளும் சப்பாத்துப் பெட்டியும் தின்றுவிட்டன.

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் உரிமை வழங்குமுன்னரே எவரும் எதிர்க்கலாம். வழங்கிய அறிவிப்பு வெளியான ஒரு வருடத்துக்குள் அக்கறையுள்ள தரப்பு எதிர்க்கலாம். பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்தின் மேலதிக உரிமை விண்ணப்பம் 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்த்ததால்தான். 2001இல் இந்தியா தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களையும் ஆங்கிலம், ஜப்பானியம் உட்பட ஐந்து மொழிகளில் பெயர்த்து, ஆக்கவுரிமை அலுவலகப் பரிசோதகர்கள் தேடக்கூடியதாக வைத்திருக்கிறார்கள். சப்பாத்துப் பெட்டியில் போடவில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வழங்கிய ஆக்கவுரிமையை வெற்றெனப் பிரகடனப்படுத்தும்படி கேட்க அது காட்டும் வாசல் நீதிமன்றம். நியாயமான அக்கறையுள்ள எவரும் போகலாம், ஆனால் கொழும்புக்கு பஸ் ஏறி, சட்டத்தரணி வைத்து... இதன் செலவுக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன், வாசிக்க நேரமில்லை. தம்பி ஒற்றை விரலையும் மடக்கிவிட்டார். வணக்கம் நேயர்களே.